சம்பந்தி வீட்டுத் தண்ணீரில் மருந்து வாசனை

அத்தியாயம் 14

ஒரே ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். இரண்டாவது வாய் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். நாளை மழை என்று குழாய்த் தண்ணீரைச் சுவைத்தே சொன்னதை நம்பினீர்கள். நீர்த்தேக்கத்தில் இறங்கிய வாத்துக்குச் சளி பிடித்திருந்ததை நான் கண்டுபிடித்ததையும் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டீர்கள். இதை மட்டும் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. என் மகளே நம்பவில்லை.

அவளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வாரம்தான் முதல்முறை வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் நகரத்துத் தண்ணீர் ஆபீஸில் புகார் விசாரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தண்ணீர் கலங்கல், நாற்றம், வேகமாக வரவில்லை என்று யார் சொன்னாலும் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். கேட்கிறவனுக்கு டீ கொடுப்பார்கள். நான் குடித்த டீயை எல்லாம் ஒரே இடத்தில் ஊற்றி வைத்திருந்தால் இந்த ஊருக்கு இரண்டாவது நீர்த்தேக்கம் தேவைப்பட்டிருக்காது. மகளும் அதே ஆபீஸில்தான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைவி. அளந்து பார்க்காத எதையும் நம்பாதவள். பிறந்தவுடனேயே தன் எடையை இன்னொரு தராசில் சரிபார்க்கச் சொன்னாள் என்று நான் சொல்வதுண்டு. அதற்கும் ஆதாரம் கேட்பாள்.

அவள் கணவரும் அங்கேதான். நெட்டையர் என்று நான் செல்லமாகச் சொல்லும் என் மாப்பிள்ளை வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறார். புகார் எண்ணுக்குப் போன் செய்தால், "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்" என்று தேன் ஒழுக ஒரு குரல் வருமே, அது அவர் குரல்தான். நகரத்தில் பாதிப் பேர் அந்தக் குரலைக் கேட்டபடியே சமையலை முடித்திருக்கிறார்கள்.

போன வாரம் எங்கே விட்டேன்? ஆமாம், போனில். மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் சம்பந்தி அம்மாள், எனக்குப் போன் செய்து, உங்கள் மகள் வீட்டுத் தண்ணீரை இனி என்னால் குடிக்க முடியாது, நாளைச் சாயங்காலப் பஸ்ஸில் பெரிய பெண் வீட்டுக்குப் போகிறேன், திரும்பி வருவதாக இல்லை, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கையில் போனோடு நான் நின்றேன். அங்கேதான் விட்டேன்.

விடிந்ததும் கிளம்பிவிட்டேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறி முடிப்பதற்குள் எனக்கு இன்னும் கொஞ்சம் வயதாகிவிட்டது.

ஹாலின் நடுவில் பெட்டி. பெட்டியின் மேல் குடை. பக்கத்து நாற்காலியில் சம்பந்தி அம்மாள், வெளியூர் போகும் புடவையும் காலில் செருப்புமாக, பஸ்ஸில் ஏற்கெனவே ஏறி ஜன்னல் பக்கம் இடம் பிடித்துவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி," என்றார். "உங்க பொண்ணு வீட்டுத் தண்ணியில ஒரு குறையும் இல்லையாம். எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சாம்."

மகள் சமையலறை வாசலில் நின்றாள். ஆபீஸுக்கு லீவு சொல்லியிருந்தாள். தலை சரியாக வாரவில்லை.

"நான் அப்படிச் சொல்லல அத்தை. தண்ணியில எதுவும் தெரியலன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

விஷயம் இதுதான். சில வாரங்களாகச் சம்பந்தி அம்மாள் மத்தியானத் தூக்கம் முடிந்து போடும் டீயில் மருந்து வாசனை. ஒரு நாள் இருக்கிறது, ஒரு நாள் இல்லை. டீத்தூளை மாற்றினார், பாலை மாற்றினார், பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து அடி தெரியும்படி ஆக்கினார். வாசனை போகவில்லை. மருமகளிடம் சொன்னார். மருமகள் சும்மா இருப்பாளா? பாட்டிலோடு வந்தாள். முறைப்படி மாதிரி எடுத்தாள். ஆபீஸில் எல்லாச் சோதனையும் செய்தாள். தண்ணீர் தங்கமாக இருந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடியும் தங்கம். சுவைத்துப் பார்ப்பதற்கென்றே ஆபீஸில் ஒரு குழு உண்டு; அவர்களும் குடித்துவிட்டு நல்ல தண்ணீர் என்றார்கள். அதை அப்படியே வந்து மாமியாரிடம் சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி நின்றுபோனது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோட்டுக்குத் தினமும் இஸ்திரி போட்டுக் கொடுத்தது மாமியார்தான்.

என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் மகள் கிசுகிசுத்தாள். மாப்பிள்ளை ஒரு சுலபமான வழி சொன்னாராம். ஆமாம் அத்தை, தண்ணீர் சரியில்லைதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, விஷயம் முடிந்தது, என்று.

"சொல்லிட்டாத்தான் என்னம்மா?" என்றேன்.

"அந்த ஒரு வார்த்தைய நான் சொன்னா அது இந்த வீட்டோட நிக்காதுப்பா. கூடத்துத் தலைவியே தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு சும்மா இருக்க முடியுமா? தெரு முழுக்க, கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு சீட்டுக் குடுக்கணும். இல்லாதத இருக்குன்னு எப்படிச் சொல்றது?" ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அதுக்காக அத்தைய அனுப்பிட்டு என்னால இருக்கவும் முடியாது. அவங்க இல்லாம இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?"

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபீஸின் பெரிய அதிகாரி வீட்டிலும் இதே மருந்து வாசனைப் புகாராம். அங்கேயும் மாதிரி எடுத்தால் தங்கம்தானாம். பெரிய அதிகாரி மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஆபீஸிலேயே அதிக நேரம் இருக்கிறாராம்.

மாடி ஏறியதில் எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. பேசிக்கொண்டே டம்ளரை எடுத்துக் குழாயடியில் நீட்டித் திருகினேன்.

"அப்பா, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிங்க," என்றாள்.

அதற்குள் ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

அந்தச் சுவையை எப்படிச் சொல்வேன்? புத்தம்புது பேண்டேஜை உறை பிரித்து நாக்கில் ஒட்டியது போல. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சைக்கிள் ட்யூபைத் தொங்கவிட்டு, அதைப் போய் நக்கியது போல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த நாக்கு நகரத்தின் அத்தனை வீட்டுத் தண்ணீரையும் பார்த்த நாக்கு. இந்தச் சுவையை அதற்குத் தெரியும். அது பழைய சிநேகிதனைக் கண்டது போலத் துள்ளியது.

கண்ணைத் திறந்து சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். குறுகலான அறை. கைகழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வாஷிங் மெஷின். அதை வாங்கிய நாளில் நானும் இருந்தேன். ஊரே சேர்ந்து தள்ளி அந்தச் சந்துக்குள் நுழைத்தோம். அதற்குப் பிறகு அது வெளியே வந்ததில்லை.

விழுங்கிவிட்டு மகளின் காதருகே குனிந்தேன்.

"உன் மாமியார் பேசாம இருக்கிறது உன்னோட இல்லம்மா. அவங்க புள்ளையோட."

நுண்ணுயிர் முளைத்த பாட்டிலைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லுங்கப்பா."

"மருந்து வாசனை. சம்பந்தி சொல்றது நிஜம். ஆனா அது பெரிய விஷயம் இல்ல. நான் சொன்னதுதான் பெரிய விஷயம்."

"அவங்க ரெண்டு பேருக்கும் ஒரு சண்டையும் இல்ல. சண்டையெல்லாம் எனக்கும் அவங்களுக்கும்தான்."

"அதைத்தான் சொல்றேன். உன்கூட சண்டை போடறாங்க. சண்டை போடறது பேசறதுதானே?"

மருந்து வாசனை என்ற வார்த்தை ஹாலுக்குக் கேட்டுவிட்டது. சம்பந்தி அம்மாள் செருப்போடு சமையலறைக்குள் வந்துவிட்டார். அந்த வீட்டில் அது நிலநடுக்கத்துக்குச் சமம். கேட்டாயா, உன் அப்பாவே சொல்லிவிட்டார், என்றார்.

மகள் இன்னொரு டம்ளரை எடுத்துக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடியது. அவள் விரல் அந்தத் தாரையில் நின்று, குளிர்ச்சி வரும்வரை காத்திருந்தது. பிறகு டம்ளரை நீட்டிப் பிடித்தாள், முகர்ந்தாள், குடித்தாள்.

"ஒண்ணுமே இல்லப்பா."

சம்பந்தி அம்மாளும் வாங்கிக் குடித்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் ஒரு தடவை கலப்படமில்லாத உண்மையைச் சொன்னேன், சாட்சி தொட்டி வழியாக ஓடிப்போய்விட்டது. சம்பந்தியைச் சமாதானப்படுத்த நான் கதை விடுகிறேன் என்று மகளுக்கு எண்ணம். மகளோடு சேர்ந்துகொண்டு தன்னைக் கேலி செய்கிறேன் என்று சம்பந்திக்கு எண்ணம்.

"நீ ஓடவிட்டுட்டுப் பிடிச்சம்மா," என்றேன். "நான் ஓடவிடல."

"அப்படித்தான் பிடிக்கணும். அதான் முறை. நாங்க பாக்க வேண்டியது தெருக் குழாய்த் தண்ணிய. வீட்டுக் குழாய்க்குள்ள ராத்திரி பூரா தேங்கினது வெளிய போகணும். அதனால முதல்ல ஓடவிட்டு, குளிர்ந்ததும் குழாய் வாய நெருப்புல காட்டி, அப்புறம்தான் பாட்டில..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. தொட்டியின் அடியில் சுழன்று இறங்கிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

பாவம், அவள் மேல் தப்பில்லை. சொந்த வீடாக இருந்தாலும் ஆபீஸ் முறை ஆபீஸ் முறைதான் என்று நடந்துகொண்டாள். அந்த நேர்மையினாலேயே, மாமியாரின் புகார் முழுவதையும் ஒவ்வொரு தடவையும் தொட்டியில் கொட்டிவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாகப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். அவள் அந்த டீயைக் குடித்துப் பார்த்ததும் கிடையாது. அவளும் அந்தச் சுவைக் குழுவில் ஒருத்தி; நாக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று, டீயை விட்டு வெகு காலம் ஆகிறது. நெட்டையர் ஆபீஸ் கேன்டீனிலேயே குடித்துவிடுவார்.

மகள் ஒரு துண்டை எடுத்துக் குழாயின் கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

"யாரும் தொடாதீங்க. தண்ணி தேங்கட்டும். மத்தியானம் நானே திறக்கறேன்." பிறகு மாமியாரிடம், "அதுவரைக்கும் இருங்க அத்தை. பஸ் சாயங்காலம்தானே," என்றாள்.

சம்பந்தி அம்மாள் செருப்பைக் கழற்றினார். ஆனால் பெட்டிக்குப் பக்கத்திலேயே கழற்றினார்.

காத்திருப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஆனால் அன்று சுவாரசியமாக இருந்தது. மகள் துண்டு கட்டிய குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அது ஓடிவிடும் என்பது போல. நான் சம்பந்தி அம்மாளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நடுவில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு, எதிர்முனைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார்.

"உங்க மாப்பிள்ளை. சாப்பிட வர்றாராம்."

உங்கள் மாப்பிள்ளை. வர்றாராம். கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து இந்த அம்மாள் வாயில் நான் கேட்டதெல்லாம் என் பிள்ளை, என் பிள்ளை என்பதுதான். என் பிள்ளை நடந்தான், என் பிள்ளை தும்மினான். இப்போது திடீரென்று அவர் முழுக்க எனக்கே சொந்தமாகிவிட்டார். இதை மகளிடம் சொன்னேன். மரியாதையாகச் சொல்கிறார்கள், அதிலும் குறை கண்டுபிடிக்கிறீர்கள், என்றாள்.

நெட்டையர் வந்தார். வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து நுழைந்தார். பெட்டியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வீட்டில் பெண்களுக்குள் தகராறு என்றால் புத்திசாலி ஆண்கள் எங்கே பார்ப்பார்களோ அங்கே பார்த்தபடியே சாப்பிட உட்கார்ந்தார்.

அந்தச் சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். தாயும் மகனும் ஒரே மேஜையில் எதிரெதிரே. இன்னும் கொஞ்சம் போடணுமா என்று கேளு, என்றார் தாய். போதும் என்று சொல்லு, என்றார் மகன். தண்ணீர் ஜாடி அந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லு. பார்த்தேன் என்று சொல்லு. எல்லாம் என் மகள் வழியாக. அவளும் அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்ணைப் போல இங்கே வாங்கி அங்கே கொடுத்துக்கொண்டிருந்தாள். தினம் செய்து பழகிவிட்டதால் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. மேஜைக்கு அடியில் அவள் காலை ஒரு மிதி மிதித்தேன். நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். கரண்டி பாதியில் நின்றது.

ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுந்து கையைக் கழுவப் போனாள், குளியலறைக்கு. சமையலறைக் குழாய்தான் துண்டுக்குள் இருந்ததே.

பிறகு அந்த நேரம் வந்தது. நாங்கள் நால்வரும் அந்தக் குறுகலான சமையலறையில், மூச்சு விட்டால் பக்கத்தவர் மேல் படும்படி நின்றோம். மகள் முடிச்சை அவிழ்த்தாள். டம்ளரைச் சரியாகக் குழாய் வாயில் வைத்து, முதல் சொட்டிலிருந்து பிடித்தாள். பிடித்ததைச் சுழற்றினாள். முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினாள். உருட்ட உருட்ட அவள் முகம் மாறியது. வேலை முகம் போய், புதுப் பொம்மையைப் பிரித்த குழந்தை முகம் வந்தது.

"ரப்பர்," என்றாள். "குளோரின் பட்ட ரப்பர். கொதிக்க வெச்சா இன்னும் தூக்கும்."

கண் நேராக வாஷிங் மெஷினுக்குப் போனது. அவள் சொன்னதை உங்களுக்குச் சுருக்கிச் சொல்கிறேன். மெஷினுக்குத் தண்ணீர் போவது ஒரு கறுப்பு ரப்பர் ஹோஸ் வழியாக. சுவரில் அந்த ஹோஸ் சேரும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறது. துவைத்து முடித்ததும் அதை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் ஹோஸுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். தெருவில் வேகம் குறையும்போதெல்லாம் ஊறிய தண்ணீர் மெல்லப் பின்வாங்கிப் பக்கத்துக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீரில் ஆபீஸ் போடும் குளோரினும் ரப்பரும் சேர்ந்தால் மருந்து வாசனை. அந்த அளவில் அது உடம்பை ஒன்றும் செய்யாது. டீயைத்தான் செய்யும்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னது சரி அத்தை. நான்தான் தப்பான தண்ணிய எடுத்துட்டுப் போயிருக்கேன். உங்க நாக்குக்கு ஒண்ணும் ஆகல."

எத்தனையோ வாரமாகக் காத்திருந்த வார்த்தை. சம்பந்தி அம்மாள் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். முகம் தெளியவில்லை. பெட்டி இருந்த பக்கம் ஒரு பார்வை போனது.

மகள் அதைக் கவனிக்கவில்லை. அவள் மூளை திருகிலேயே இருந்தது. "ஆனா அந்தத் திருகு எப்பவும் மூடித்தானே இருக்கும்? தரையோட தரையா, மெஷினுக்குப் பின்னால. என் கையே போகாதே. யாரு மூடுவா அத?"

அந்தச் சந்தில் போகிற கை அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு. நாங்கள் எல்லோரும் நெட்டையரின் கையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"நான்தான் மூடுவேன்," என்றார். "துவைச்சு முடிச்சதும் அம்மா கூப்பிடும். டேய், திருகுன்னு ஒரு சத்தம். நான் வந்து கைய விட்டு மூடுவேன். கடைசியாத் திறந்துவிட்டதோட சரி, இப்ப கொஞ்ச நாளா அம்மா கூப்பிடவே இல்லையே."

மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன். நான் அங்கே இல்லவே இல்லை என்பது போல.

"ஏன் அத்தை கூப்பிடல?" என்றாள்.

சம்பந்தி அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சொல்லமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் அது உள்ளே இருந்து இருந்து அழுத்தமேறிப் போயிருந்தது. திருகியதும் பீறிட்டுவிட்டது.

மருந்து வாசனைக்கு முன்னால் நடந்ததாம். ஒரு நாள் காலையில் குழாயில் பால் போல வெள்ளையாகத் தண்ணீர் வந்திருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை. பயந்துபோய்ப் புகார் எண்ணுக்குப் போன் செய்திருக்கிறார். மகன் குரல் வந்தது: உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, காத்திருக்கவும். அது ரெகார்டு என்று தெரியும். இருந்தாலும் என் பிள்ளை குரல்தானே என்று சந்தோஷமாகவே காத்திருந்தாராம். கடைசியில் இணைப்புக் கிடைத்தது. எடுத்தது நிஜமான மகனே.

"டேய், நான்தாண்டான்னு சொன்னேன்," என்றார் சம்பந்தி அம்மாள், என்னைப் பார்த்து. "வணக்கம், உங்க பேரச் சொல்லுங்க அப்படிங்கறார் உங்க மாப்பிள்ளை. விளையாடறான்னு நினைச்சேன். பேரச் சொன்னேன். எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னு கேட்டார். என் பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்கும்னு என்னையே கேக்கறார். வீட்டு விலாசம் கேட்டார். அந்த வீட்டுலதான் அவரும் தூங்கறார்."

"அம்மா, கால் ரெகார்டு ஆகும்மா," என்றார் நெட்டையர். "அன்னிக்கு மேலதிகாரி பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தார். சொந்தக்காரங்க போன் வந்தா, வேற ஆள்கிட்டே குடுக்கணும். நான் குடுக்கல. நீ பயந்துபோய்ப் பேசின. வேற யாராவது எடுத்தா உன்னைக் காக்க வெச்சிருப்பாங்க. அதான் யாரோ மாதிரி பேசி, உடனே ஆள் அனுப்பி வெச்சேன்."

இது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆள் வந்தானா என்று மகள் கேட்டாள். வந்தான், என்றார் சம்பந்தி அம்மாள் சின்னக் குரலில். போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வந்துவிட்டான். அது வெறும் காற்றுக் குமிழி, டம்ளரை வைத்துவிட்டுப் பாருங்கள் என்று காட்டிவிட்டுப் போனான்.

"கடைசியில என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்று மகனை நேராகப் பார்த்துக் கேட்டார். அந்த வீட்டில் எத்தனை நாளுக்குப் பிறகோ நேராகப் போன முதல் கேள்வி அது. எக்ஸ்சேஞ்ச் பெண் ஒதுங்கி நின்றாள். "சாப்பிட்டியாடான்னு கேட்டேன். அதுக்கு நீ, அழைத்தமைக்கு நன்றின்னு சொல்லி வெச்சுட்ட."

நகரமே கேட்டு மயங்குகிற அந்தக் குரல் நெட்டையருக்கே வரவில்லை. மெல்ல மடிந்து தரையில் உட்கார்ந்தார், பிறகு படுத்தார். மெஷினின் இரும்பில் கன்னத்தை ஒட்டவைத்து, அந்த நீளக் கையைச் சந்துக்குள் தோள்வரை விட்டார். உள்ளே எதுவோ தட்டுப்பட்டது. கிடைக்கவில்லை. துழாவினார்.

சம்பந்தி அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"இன்னும் உள்ளடா. சுவரை ஒட்டி. எத்தனை தடவ மூடியிருக்க, இன்னுமா தெரியல?"

திருகு ஒரு கீச்சுச் சத்தத்தோடு மூடியது.

"சாப்பிட்டேம்மா," என்றார் நெட்டையர், தரையில் கிடந்தபடியே. "அன்னிக்கு. கேன்டீன்ல. நல்லா இல்ல."

சம்பந்தி அம்மாள் ஹாலுக்குப் போனார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் டீத்தூள் டப்பா. அதையும் பெட்டியில் வைத்திருந்தார், போகிற இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கும் என்று. அடுப்பைப் பற்றவைத்தார். எந்த டம்ளரிலும் மருந்து இல்லை. கூரைமேல் ஏறிக் கத்தும் அளவுக்கு அது நல்ல டீ. நான் மட்டும் ஒரு குடம் குடித்திருப்பேன். என் மகளும் முறையை மீறி ஒரு டம்ளர் குடித்தாள். பிறகு ஆபீஸுக்குப் போன் செய்து, பெரிய அதிகாரி வீட்டுத் தண்ணீரைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். ஓடவிடாமல், முதல் தண்ணீரை.

சாயங்காலப் பஸ் அந்த அம்மாள் இல்லாமலேயே போனது.

இப்போது என் வெற்றிக்கு வருவோம். நெட்டையர் டீ முடித்து ஆபீஸ் போனதும், சம்பந்தி அம்மாள் வெள்ளைக் கோட்டை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்ததும், நான் மகளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரே வாயில் சொன்னேனா இல்லையா என்றேன். ரப்பர் சுவை உங்களுக்கு முன்பே தெரியும், என்றாள். தெரியும். அந்தத் திருகு மாப்பிள்ளை கைக்குத்தான் எட்டும் என்றும் தெரியும், என்றாள். தெரியும். அதனால் அது தண்ணீரில் இருந்து வந்தது இல்லை, ஊகம், என்றாள். ஊகம் என்றால் ஏன் நீ அந்த வீட்டிலேயே இருந்தும் உனக்கு வரவில்லை என்று கேட்டேன். கோட்டை வாங்கிப் பார்க்கப் போய்விட்டாள்.

இருட்டத் தொடங்கும்போது நெட்டையர் திரும்பி வந்தார். உள்ளே நுழையும்போதே, "அம்மா, டீ," என்றார். கையில் ஆபீஸ் முத்திரை போட்ட இரண்டு பாட்டில்கள். பெரிய அதிகாரி வீட்டு முதல் தண்ணீர். ஒன்று, நாளைக் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டியது. ஒன்றுக்கு இரண்டாகப் பிடித்து வந்திருந்தார்.

நான் விடைபெற்றுக் கிளம்பினேன். மகள் படிவரை வந்தாள். படி இறங்கவிடாமல் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மறு கையில் அந்த இரண்டாவது பாட்டில், ஒரு டம்ளர். ஊற்றி நீட்டினாள்.

வாசனை எனக்கு டம்ளர் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. பேண்டேஜ், ஆஸ்பத்திரி, சைக்கிள் ட்யூப். அந்த வீட்டில் பெரிய அதிகாரி, அவர் மனைவி, மனைவியின் அண்ணன், இரண்டு மகள்கள் என்று எனக்குத் தெரியும். அதில் யார் யாரோடு பேசுவதில்லை என்று என் வாயால் கேட்கத்தான் இந்த டம்ளர். நான் டம்ளரை வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னது நடந்ததா இல்லையா? முதல்ல அதைச் சொல்லு," என்றேன்.

அவள் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள். உள்ளே தாயும் மகனும் சிரிக்கிற சத்தம் கேட்டது. மேல் படியைப் பார்த்தாள், கீழ்ப் படியைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"நடந்ததுப்பா," என்றாள். "ஒரு வாய்தான் குடிச்சீங்க. அப்பவே சொன்னீங்க. நான்தான் நம்பல."

டம்ளரை என் கையில் வைத்தாள்.